ஒத்தை ஆளா, டீமா? ஃபைட்டிங் கேம் ஆடும் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஃபைட்டிங் கேம் ஆடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு கட்டாயம் வரும்: ஒரே கேரக்டரை எடுத்து அவரையே முழுசாகப் பழகுவதா, இரண்டு மூன்று பேர் சேர்ந்து இறங்கும் டீம் கேமுக்குப் போவதா? அதையொட்டி என்னிடம் வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். என் பக்கம் எது என்பது பதில்களிலேயே தெரிந்துவிடும்.

எல்லாம் அடிச்சுக்கிடுற கேம்தானே? இதில ஒத்தை ஆள், டீம்னு என்ன வித்தியாசம் அண்ணே?

மூன்று வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகையில் நீங்கள் ஒருவர், எதிரி ஒருவர். 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பியது. இன்றைய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8 இரண்டும் இதே வகைதான். ரவுண்ட் முடிந்தால் இருவருக்கும் ஹெல்த் முழுசாகத் திரும்பிவிடும்.

இரண்டாவது, கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் வகை. 1994-ல் எஸ்.என்.கே. நிறுவனம் கொண்டுவந்தது. டீமுக்கு மூன்று பேர், ஆனால் களத்தில் எப்போதும் ஒருவர்தான். ஒருவர் விழுந்தால் அடுத்தவர் வருவார். ஜெயித்தவர் கொஞ்சம் ஹெல்த்தை மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டு அடுத்த ஆளைச் சந்திக்க வேண்டும். முதல் பதிப்பில் டீம்கள் முன்பே கட்டி வைக்கப்பட்டிருந்தன. 1995 பதிப்பில்தான் நம் விருப்பப்படி மூன்று பேரைச் சேர்க்க முடிந்தது.

மூன்றாவது, டேக் வகை. ஆட்டத்தின் நடுவிலேயே ஆளை மாற்றலாம். பல கேம்களில் வெளியே நிற்பவரை ஒரு பட்டனில் கூப்பிட்டு ஓர் அடி அடிக்கச் செய்யலாம்; அதைத்தான் அசிஸ்ட் என்கிறோம். 1996-ல் வந்த எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டரில் டீமுக்கு இரண்டு பேர். 2000-ல் வந்த மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2-ல் மூன்று பேர். 2018-ல் வந்த டிராகன் பால் ஃபைட்டர்ஸியும் மூவர் ஆட்டம்தான். டீம் கேம் கஷ்டம் என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையைத்தான் சொல்கிறார்.

பழைய டெக்கன் 3-ல டீம் பேட்டில்னு ஒண்ணு உண்டே, அது டீம் கேமா?

அது இரண்டாவது வகை. ஒரு பக்கத்துக்கு எட்டுப் பேர் வரை எடுக்கலாம், ஒருவர் விழ அடுத்தவர் வருவார். அந்தக் காலத்தில் கேம் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடியவர்களுக்கு அந்த மோடின் அருமை தெரியும். எல்லோரும் எட்டி என்ற கேரக்டரை எடுத்துக் காலாலேயே சுற்றிச் சுற்றி அடிப்பார்கள். எட்டுப் பேரை எடுக்கச் சொன்னால்தான் யாருக்கு உண்மையாகவே கேம் தெரியும் என்பது வெளியே வரும். நண்பர்கள் வீட்டில் கூடி ஆட இன்றைக்கும் அது நல்ல மோட். ஆனால் அசிஸ்ட், நடுவில் ஆள் மாற்றுவது எதுவும் அதில் கிடையாது. அதை ஆடிய பழக்கத்தில் மார்வெல் பக்கம் போனால் கண் கட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

புதுசா வாறவன் எதுல ஆரம்பிக்கணும்?

ஒத்தை ஆள் கேமில். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

ஃபைட்டிங் கேமில் முதலில் கற்க வேண்டியது காம்போ (விடாமல் தொடர்ந்து விழும் அடிகள்) இல்லை. எதிரி எவ்வளவு தூரத்தில் நிற்கிறார், அந்தத் தூரத்தில் அவரால் எதைக்கொண்டு தொட முடியும், என்னால் எதைக்கொண்டு தொட முடியும் என்பதுதான். பெரும்பாலான ஃபைட்டிங் கேம்கள் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடுகின்றன. நாலு ஃபிரேமில் வரும் குத்தைப் பார்த்துத் தடுக்க எந்த மனிதராலும் முடியாது. அது வரும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்துத்தான் தடுக்க வேண்டும். எதிர்பார்க்க வேண்டுமென்றால் திரையில் எதைக் கவனிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். எதிரே ஒரே ஒருவர் நின்றால் கண் அவர் மேலேயே இருக்கும். டேக் கேமில் எதிரியோடு சேர்த்து அவருடைய இரண்டு அசிஸ்ட், உங்கள் இரண்டு அசிஸ்ட், மீட்டர் (ஆட ஆட நிறைந்து, சூப்பர் என்னும் பெரிய அடிக்குச் செலவாகும் பட்டை), வெளியே நிற்பவரின் ஹெல்த் என்று ஏழெட்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். புதிதாக வருகிறவர் எதையுமே பார்க்காமல் பட்டனை அமுக்கிக்கொண்டிருப்பார்.

தோற்ற பிறகு ஏன் தோற்றோம் என்று தெரிவதும் முக்கியம். டெக்கனில் தோற்றால் ரீப்ளேவைப் போட்டுப் பார்த்து, “கீழே அடித்ததை நான் நின்றுகொண்டே தடுக்கப் பார்த்தேன்” என்று கண்டுபிடித்துவிடலாம். டீம் கேமில் முதல் ஆள் தப்பான நேரத்தில் அசிஸ்ட் கூப்பிட்டதன் விளைவு மூன்றாவது ஆளின் தோல்வியாக வந்து நிற்கும். காரணமும் விளைவும் இவ்வளவு தள்ளி இருந்தால் புதியவருக்குப் பாடம் கிடைக்காது.

நம் மாவட்டத்தில் களரி படித்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். தனி அடிவைப்பான ஒற்றைச்சுவடு கால் பழகாமல், பல அடிவைப்பைக் கோக்கும் கூட்டச்சுவட்டுக்கு ஆசான் விடமாட்டார்.

டிராகன் பால்ல எனக்கு கோகு, வெஜிட்டா, பிக்கலோ மூணு பேரையும் பிடிக்கும். மூணு பேரையும் போட்டா டீம் ஆயிடும்லா?

மூன்று பேர் ஆகும், டீம் ஆகாது. பிடித்தவரை எடுப்பது தப்பே இல்லை, அந்தப் பிரியம்தான் பயிற்சியில் உட்கார வைக்கும். ஆனால் அந்தப் பிரியத்தை ஒருவரோடு நிறுத்துங்கள். மற்ற இருவரையும் அவருக்கு என்ன தேவையோ அதைப் பார்த்து எடுங்கள்.

அசிஸ்ட் என்ன வேலை செய்கிறது என்று ஒரு சின்னத் துண்டை மட்டும் எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். உங்கள் ஆள் எதிரியை நாலு அடி அடிக்கிறார், எதிரி நாலையும் பிளாக் செய்கிறார். நாலாவது அடி முடிந்ததும் உங்கள் ஆள் கையை மடக்க வேண்டும்; அந்தச் சின்ன இடைவெளியில் எதிரிக்கு முறை வந்துவிடும். ஒத்தை ஆள் கேமில் கதை அங்கேயே முடிந்தது, நீங்கள் பின்வாங்க வேண்டும் அல்லது துணிந்து இன்னொரு அடி விட வேண்டும். டேக் கேமில் மூன்றாவது அடியின்போதே அசிஸ்ட் பட்டனை அமுக்கிவிடுகிறீர்கள். நாலாவது அடி முடிகிற நேரத்தில் பின்னாலிருந்து அசிஸ்டின் ஒளிக்கதிர் பாய்ந்து வருகிறது, எதிரி இன்னும் பிளாக்கிலேயே மாட்டிக்கிடக்கிறார். அவர் அசைய முடியாத அந்த நேரத்தில் உங்கள் ஆள் மேலே குதித்து முன்னால் இறங்கலாம், தலையைத் தாண்டிப் பின்னால் இறங்கலாம், குதிக்காமலே காலில் அடிக்கலாம். எதிரி ஊகித்துத்தான் தடுக்க வேண்டும்.

ஆக, உங்கள் பிரிய ஆளுக்குக் கிட்டே போவதுதான் கஷ்டமென்றால், திரையைக் குறுக்கே கடக்கும் கதிர் மாதிரி அசிஸ்ட் உள்ளவரைச் சேருங்கள். கிட்டே போன பிறகு அடி விழாமல் தவிக்கிறார் என்றால், எதிரியை நின்ற இடத்திலேயே கட்டிப்போடும் அசிஸ்ட் வேண்டும். மேலிருந்து குதித்தே உங்களைத் தொல்லை செய்கிறார்கள் என்றால் மேல்நோக்கி அடிக்கும் அசிஸ்ட். டிராகன் பால் ஃபைட்டர்ஸியில் 2020-க்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் மூன்று அசிஸ்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆகிவிட்டதால், பிடித்தவர்களை வைத்தே ஓரளவு ஒப்பேற்ற முடிகிறது. உங்கள் மூவரும் அப்படித்தான் ஒத்துவரலாம், சோதித்துப் பாருங்கள்.

அப்போ எத்தனை டீம் போட்டுப் பாக்குறது? கணக்கே இல்லாம இருக்கே.

கணக்கு இருக்கிறது, பெரிய கணக்கு. டிராகன் பால் ஃபைட்டர்ஸி வந்த புதிதில் 24 கேரக்டர்கள். அதில் மூன்று பேரைத் தேர்ந்தெடுக்க 2,024 வழிகள். யார் முன்னால், யார் பின்னால் என்ற வரிசையையும் சேர்த்தால் 12,144. மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2-ல் 56 பேர். வரிசையைக் கணக்கில் எடுக்காமலே 27,720 டீம்கள். ஆனால் அதே மார்வெல் 2-ல் பெரிய போட்டிகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டியவர்கள் மேக்னெட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள், சைலாக் என்று ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவார்கள். எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு மற்ற இரு இடத்துக்கு மட்டும் தேடினால் கணக்கு தானாகவே சுருங்கிவிடும்.

யாரை முதல்ல இறக்கணும், யாரைக் கடைசியில வைக்கணும்?

கிங் ஆஃப் ஃபைட்டர்ஸுக்கும் டேக் கேமுக்கும் இதில் வேறு வேறு பதில்.

கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 15-ல் முதல் ஆளுக்கு மீட்டர் மூன்று கட்டம்தான் சேரும், இரண்டாவது ஆளுக்கு நாலு, கடைசி ஆளுக்கு ஐந்து. சேர்த்த மீட்டர் அடுத்த ஆளுக்கும் கூடவே போகும். அதனால் மீட்டர் இல்லாமலே பிழைத்துக்கொள்கிறவர் முன்னால், மீட்டரைக் கொட்டினால்தான் சீறுகிறவர் கடைசியில். தக்கலையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் பார்த்தது: பள்ளிக்கூடம் படிக்கிற பையன் ஒருவன் இயோரியை முதலில் இறக்கி, கிடைத்த மீட்டரையெல்லாம் சூப்பரில் கொட்டி முதல் ஆளைச் சடசடவென்று வீழ்த்திவிடுவான். அவனுடைய மூன்றாவது ஆளாக ஏதேனா வரும்போது மீட்டர் வெறுமையாகக் கிடக்கும். திரும்பத் திரும்ப அதே முடிவு. பக்கத்தில் இருந்த ஒருவர், “மக்கா, ஆளை மாத்தாண்டாம், ஏதேனாவை முன்னால விடு” என்று மட்டும் சொன்னார். ஏதேனா தூரத்தில் நின்று பந்து வீசிக்கொண்டே மீட்டர் சேர்த்துக் கொடுத்தாள். இயோரி கடைசியில் முழு மீட்டரோடு இறங்கினான். அதே மூன்று பேர்தான், எதிரே இருந்தவரும் அதே ஆள்தான், ஆட்டம் மட்டும் வேறாகிவிட்டது.

டேக் கேமில் முன்னால் நிற்பவருக்கு வெளியே இரண்டு அசிஸ்ட் காத்திருக்கும். கடைசியில் மிஞ்சுகிறவருக்கு ஒன்றும் இருக்காது. ஆகவே துணையோடு சேர்ந்தால் பிரகாசிக்கிறவரை முன்னால் வைத்து, யார் துணையும் இல்லாமல் தாக்குப்பிடிக்கிறவரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிற்பவருக்கு நல்ல அசிஸ்ட் இருந்தால் போதும்.

அசிஸ்ட் கூப்பிட்டா அவனும் சேர்ந்து அடி வாங்குறானே, இது என்ன கொடுமை?

அசிஸ்டுக்கு நீங்கள் கொடுக்கிற விலை அது. உள்ளே வந்த அசிஸ்டால் அடித்துமுடித்து வெளியேறும் வரை பிளாக் செய்ய முடியாது. அந்த நேரம் பார்த்து எதிரி உங்கள் ஆளையும் அசிஸ்டையும் ஒரே அடியில் பிடித்தால், ஒரு காம்போவில் இருவரின் ஹெல்த்தும் போகும். மார்வெல் ஆடுகிறவர்கள் இதற்கு ‘ஹேப்பி பர்த்டே’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எதிரி சும்மா நின்று உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அசிஸ்ட் கூப்பிடாதீர்கள். அவர் பிளாக்கில் இருக்கும்போதோ, கீழே விழுந்து எழும்போதோ, தூரத்தில் வேறு வேலையாக இருக்கும்போதோ கூப்பிடுங்கள்.

டீம் கேம்ல ஒத்தைக்கு ஒருத்தரை மட்டும் எடுத்து ஆட வழி உண்டா?

சில கேம்களில் அழகாகவே உண்டு. 2001-ல் வந்த கேப்காம் வெர்சஸ் எஸ்.என்.கே. 2-ல் மொத்தம் நாலு புள்ளி கொடுப்பார்கள். அதை மூன்று பேருக்குப் பிரிக்கலாம், இருவருக்குப் பிரிக்கலாம், நாலையும் ஒருவர் மேலேயே போட்டு அவரைப் பலசாலியாக்கலாம். 2012-ல் வந்த ஸ்கல்கேர்ல்ஸில் ஒருவர், இருவர், மூவர் எப்படி வேண்டுமானாலும் இறங்கலாம். தனி ஆளுக்கு ஹெல்த்தும் அடியும் கூடுதல், ஆனால் அசிஸ்ட் கிடையாது, வெளியே போய் மூச்சு வாங்கவும் முடியாது. டெக்கன் டேக் டோர்னமெண்ட் 2-லும் ஜோடிக்கு எதிராகத் தனி ஆள் இறங்கலாம்.

ஒத்தை ஆள் கேமிலிருந்து டீம் கேமுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஸ்கல்கேர்ல்ஸைத்தான். தனி ஆளாகத் தொடங்கி, கை பழகியதும் இரண்டாமவரைச் சேர்க்கலாம். அதே கேமில் படிப்படியாக ஏற முடிகிற வசதி வேறெங்கும் இவ்வளவு தெளிவாக இல்லை.

டெக்கன் மாதிரி ஒத்தை ஆள் கேம்ல ரெண்டாவதா ஒரு கேரக்டர் வேணுமா?

2019-ல் லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் ஜப்பானில் நடந்த எவோ என்ற பெரிய ஃபைட்டிங் கேம் போட்டியையும், அதே ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த எவோவையும் டெக்கன் 7-ல் வென்றார். பெரும்பாலும் கசூமி என்ற ஒரே கேரக்டரை நம்பி ஆடியவர். லாஸ் வேகாஸ் இறுதி ஆட்டத்தில் அவர் எதிரே உட்கார்ந்திருந்தவர் கொரியாவின் ‘நீ’ (Knee) என்ற ஆட்டக்காரர். எந்தக் கேரக்டரைக் கையில் கொடுத்தாலும் ஆடக்கூடியவர் என்று பெயர் எடுத்தவர். இரண்டு வழியிலும் உச்சிக்குப் போகலாம் என்பதற்கு இந்த ஒரு ஆட்டமே சாட்சி.

ஆனால் நம்மில் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுகிறவருக்கு ஒருவரே போதும். டெக்கன் 8 வந்தபோது 32 கேரக்டர்கள். உங்கள் ஒருவரை வைத்துக்கொண்டு அந்த 32 பேரையும் சமாளிக்கக் கற்பதற்கே காலம் பிடிக்கும். குறிப்பிட்ட ஒரு கேரக்டரிடம் எப்போதுமே தோற்கிறீர்கள், ரீப்ளே பார்த்தும் தீரவில்லை என்றால் மட்டும் அவருக்கென்று இன்னொருவரைப் பழகுங்கள். இரண்டு ஆட்டம் தோற்றவுடன் கேரக்டரை மாற்றுவது மட்டும் வேண்டாம்.

ஒருத்தன் மட்டும் மிச்சம் இருக்கான், எதிராளிகிட்ட மூணு பேரும் உயிரோட. கையை வச்சுட்டு எழும்பிடலாமா?

எழும்பாதீர்கள். 2013 எவோவில் அல்டிமேட் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3 ஆட்டம். ஜஸ்டின் வாங் என்ற ஆட்டக்காரரிடம் அகுமா ஒருவர்தான் மிச்சம். எதிரே கிறிஸ் ஜி-யின் டீம். அந்த ஒரே ஆளை வைத்து அவர் திரும்பி வந்து ஜெயித்தது இன்றைக்கும் பேசப்படுகிறது. அந்தக் கேமில் எக்ஸ்-ஃபேக்டர் என்று ஒன்று உண்டு, ஆள் குறையக் குறைய அதன் பலமும் நேரமும் கூடும். கடைசி ஆளுக்குக் கை கொடுக்கவே வைத்தது. கிங் ஆஃப் ஃபைட்டர்ஸின் ஐந்து கட்ட மீட்டரும் அதே எண்ணத்தில்தான்.

டேக் கேமில் உண்மையான ஆபத்து ஒருவர் விழுந்த மறு நொடியில் இருக்கிறது. புது ஆள் மேலிருந்து குதித்து வருவார். எங்கே இறங்குவார் என்று எதிரிக்குத் தெரியும். அந்த ஒரு இறக்கத்தைத் தடுத்துவிட்டால் பாதி கிணறு தாண்டின மாதிரி. பயிற்சி மோடில் இதற்கென்று நேரம் ஒதுக்குகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம், நீங்கள் அவர்களில் ஒருவராக இருங்கள்.

பயிற்சிக்கு எவ்வளவு நேரம் கூடும்?

ஒத்தை ஆள் கேமில் ஒரு காம்போவை இடது பக்கம் நின்றும் வலது பக்கம் நின்றும் பழக வேண்டும். டீமில் அதே வேலை மூன்று பேருக்கு, ஆக ஆறு. அதற்கு மேல் ஒருவரிலிருந்து இன்னொருவருக்கு மாறும் இடங்கள். பக்கம் என்பது சின்ன விஷயம் இல்லை: 2018 எவோவில் டிராகன் பால் ஃபைட்டர்ஸி இறுதி ஆட்டத்தின் நடுவில் சோனிக்ஃபாக்ஸ் என்ற ஆட்டக்காரர் உட்காரும் பக்கத்தை மாற்றிக் கேட்டு, அதன் பிறகு எதிராளி கோ ஒன்னை வீழ்த்திப் பட்டத்தை எடுத்தார். முன்னால் நிற்கும் ஆளுக்குப் பயிற்சி நேரத்தில் பாதியைக் கொடுங்கள். மற்ற இருவருக்கும் ஆளுக்கு ஒரே ஒரு எளிய காம்போ போதும், அதுவும் ஆட்டத்தில் தவறாமல் வருகிற காம்போவாக இருக்கட்டும்.

மழைக்காலத்துல நெட்டு போயிருதே, அப்போ என்ன செய்ய?

நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. நெட் இல்லாத நாள் டீம் ஆடுகிறவருக்கு வீண் நாள் இல்லை. மேலே சொன்ன ஆறு பக்கப் பயிற்சிக்கு நெட் தேவையே கிடையாது. நெட் இருக்கும்போது வைஃபையை விட்டுவிட்டுக் கேபிளைச் செருகி ஆடுங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8 இரண்டிலும் எதிரியோடு நேரடித் தொடர்பு என்பதால் தூரம் முக்கியம். திருவனந்தபுரத்துக்காரரோடு ஆடுவது டெல்லிக்காரரோடு ஆடுவதைவிட இலகுவாக இருக்கும்.

என்கிட்ட போன் மட்டும்தான் இருக்கு.

ஷேடோ ஃபைட் அரீனாவை இறக்கிப் பாருங்கள். மூன்று பேர் கொண்ட டீம், கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் மாதிரி ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். தூரம் பார்க்கவும் வரிசை யோசிக்கவும் நல்ல பள்ளி. மோர்ட்டல் காம்பாட்டின் போன் பதிப்பிலும் மூவர் டீம்தான். ஆனால் அதில் கார்டுகளின் லெவல் ஏறியிருந்தால் கைப்பழக்கம் இல்லாதவரும் ஜெயிப்பார். பொழுதுபோக்க நல்லது, பழக அல்ல.

போட்டிக்கு நடுவுல டீமை மாத்தலாமா?

பெரும்பாலான போட்டிகளில் ஜெயித்தவர் அதே கேரக்டரோடு அடுத்த ஆட்டத்துக்கு வர வேண்டும், தோற்றவர் மாற்றிக்கொள்ளலாம். டீம் கேமில் ஜெயித்தவர் ஆட்களை மாற்றாமல் வரிசையை மட்டும் மாற்றலாமா என்பது போட்டிக்குப் போட்டி வேறுபடும். உட்காருவதற்கு முன்பே நடத்துகிறவரிடம் கேட்டுவிடுங்கள். மாற்ற அனுமதி இருந்தால் முதலில் வரிசையை மாற்றிப் பாருங்கள், அதிலும் வழி கிடைக்காவிட்டால் மட்டும் ஆளைத் தொடுங்கள்.